குளங்களை நம்பிய பறவைகள்



காட்டுயிர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தவர்களுடைய உள்ளம் பொதிகை மலையை நோக்கிச் செல்வது இயல்பு. புலியும் யானையும் சிங்கவால் குரங்கும் வாழும் அம்மலைக்காடுகளுக்குச் சட்டத்தின் காவல் முன்னரே கிடைத்துவிட்டது. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988-இல் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பெற்றுத் தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம் என்னும் பெயரைப் பெற்றன. அக்காடுகளைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். யான் இன்று பேச எடுத்துக்கொண்டவை மலையை விட்டு இறங்கிய சமவெளியில், வயலுக்கும் வீட்டுக்கும் இடையே, நம் கண்ணெதிரே வாழும் காட்டுயிர்கள். அவற்றுள்ளும் குளங்களை நம்பி வாழும் பறவைகளைப் பற்றியே சொல்லப் போகின்றேன்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் மனிதன் கை படாத நிலம் என்று சொல்லத்தக்கது ஒரு சாணும் இல்லை என்றே கூறிவிடலாம். பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு இறங்குகிறது. இறங்கிய சிறிது தொலைவிலேயே அணைக்கட்டுகள் தொடங்கிவிடுகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என அவை எட்டு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஏனைய ஏழும் அவர்கள் வருமுன்னரே நம் முன்னோர் கட்டியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் நீர் வயலுக்குப் பாய்ந்தது போக எஞ்சியது குளத்தை நிறைக்கிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் நிறைகிறது. கார், பிசானம் என்னும் இரு போகங்களும் இந்த ஏற்பாட்டினால் விளைகின்றன. 1958-இல் மணிமுத்தாறு அணை கட்டி முடிக்கப்பட்டபின், ஆற்றுநீர் காணாத நாங்குநேரிப் பக்கத்து வறண்ட நிலத்துக் குளங்களுக்கும் கால்வாய் வழியே நீர் செல்லலாயிற்று.

இக்குளங்களை இயற்கை தரவில்லை. மண்ணைச் சுமந்து கரை போட்டவனும், மடை வைத்தவனும், மறுகால் கட்டியவனும் மனிதனே. அவன் நெல்லுக்காக வெட்டிய குளத்தில் மீன் வந்தது. தவளையும் நத்தையும் வந்தன. அவற்றைத் தேடிப் பறவைகள் வந்தன. ஆகவே, காட்டைக் காப்பதற்கு மனிதன் ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் போதும் என்று கொள்ளலாம்; குளத்தைக் காப்பதற்கு அவன் ஒதுங்கி நிற்றல் ஆகாது. அவன் கரையைக் கவனியாது விட்டால் குளம் உடையும்; காலைத் தூர் வாராது விட்டால் குளம் வறளும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அண்மையில், கூந்தன்குளம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரு குளங்களையும் சேர்த்து ஏறத்தாழ 129 ஹெக்டேர்ப் பரப்பு 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உருவான உலக உடன்படிக்கையின் பட்டியலில் இக்குளமும் சேர்ந்தது என்ற செய்தி 2022-இல் வெளியாயிற்று. ஆனால் அரசாணைக்கும் உலகப் பட்டியலுக்கும் நெடுங்காலம் முன்பே பறவைகள் அவ்வூரைத் தேர்ந்துகொண்டன. கூழைக்கடாக்கள் அங்கே கூடு கட்டுவதைப் பற்றி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயற்கை ஆய்வாளர் எழுதியிருக்கின்றனர்.

அவ்வூரின் தனிச்சிறப்பு யாதெனில், பறவைகள் குளத்திலுள்ள கருவேல மரங்களில் மட்டும் தங்குவதில்லை. ஊருக்குள்ளேயே வந்து கூடு கட்டுகின்றன. வீட்டு முற்றத்து வேம்பிலும், தெருவோரத்துப் புளியிலும், பூவரசிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் அடுக்கடுக்காகக் கூடு அமைத்திருக்கும். கீழே பெண்கள் பாத்திரம் துலக்குவர். மேலே தாய் நாரை குஞ்சுக்கு மீன் கக்கி ஊட்டும். வெயில் ஏறினால் அலகில் நீர் கொணர்ந்து குஞ்சுகளின்மேல் ஊற்றும். மீன் நாற்றமும் எச்சமும் இரவு பகலென்னாத அலகோசையும் அவ்வூரார் பொறுத்துக்கொள்ளும் விருந்தோம்பலின் கூறுகள். பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டவர்களும் அவ்வூரில் உண்டு.

அன்பினால் மட்டுமா இவ்வாறு செய்தனர்? அன்பும் உண்டு, பயனும் உண்டு. நாரையும் கூழைக்கடாவும் உண்பது மீன். மீனின் உடலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்துள்ளன. அவை எச்சமாகக் கூட்டின் கீழே விழுகின்றன. ஆயிரக்கணக்கான பறவைகள் பல திங்கள் தங்குமாயின், குளத்து நீரே உரநீராகிவிடுகிறது. மடை திறந்தால் அந்நீர் வயலுக்குப் பாய்கிறது. கோடையில் குளம் வற்றியபின் கரம்பை மண்ணை வண்டியில் அள்ளி வயலிற் கொட்டினால் அதுவும் உரம். செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் மக்கள் இவ்வுண்மையை அறிந்தே, தங்கள் ஏரியிற் பறவைகளைச் சுடுவோரைத் தடுக்கும் உரிமையை 1798-இல் அந்நாளைய மாவட்டத் தலைவரிடம் கேட்டுப் பெற்றனர். உரம் கொடுக்கும் விருந்தினரை எந்த உழவன் விரட்டுவான்? மனிதனும் பறவையும் செய்துகொண்ட எழுதாத உடன்படிக்கை இது.

இனி, வரும் பறவைகள் எவை என்பதைச் சிறிது காண்போம். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா ஆகியவை இந்நாட்டுப் பறவைகளே. குளத்தில் நீர் இருக்கும் ஆண்டுகளில் இவற்றுட் பல மார்கழி, தை முதலாகக் கூடு கட்டத் தொடங்கி, கோடை முடிவதற்குள் குஞ்சு பொரித்து வளர்த்துக்கொண்டு செல்லும். ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து முதலியவை வடக்கேயிருந்து வலசை வருபவை. இவை இங்கே இரை தேடுமே அன்றிக் கூடு கட்டுவதில்லை. வரித்தலை வாத்தின் பயணம் வியப்புக்குரியது. மங்கோலியா, திபெத்து, லடாக்கு முதலிய உயர்நிலங்களிற் குஞ்சு பொரிக்கும் அப்பறவை, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது கருவிகளின் வாயிலாகப் பதிவாகியுள்ளது. அவ்வளவு தொலைவு பறந்து வந்த பறவை நாங்குநேரியின் ஒரு குளத்தில் இறங்கிப் புல்லும் கதிரும் மேய்கிறது. பறவைகள் தெற்கும் வடக்கும் சென்று மீளும் என்பது நம் பழம் புலவரும் அறிந்ததே. சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு நாரையை வேண்டியது அவ்வறிவின்பாற் பட்டதன்றோ?

நிற்க. 129 ஹெக்டேர்ப் பரப்பைக் காவல் செய்துவிட்டால் இப்பறவைகள் பிழைத்துவிடுமா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. விடை காண்பதற்கு ஒரு கூழைக்கடாவின் ஒரு நாளைக் கவனித்தாற் போதும். ஞாயிறு எழுந்து வெயில் சற்று ஏறியதும், நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றிற் சிறகை விரித்து அது வட்டமிட்டு மேலேறும். உயரத்தை அடைந்தபின் சிறகசைக்காமலே பல கிலோமீட்டர் மிதந்து செல்லும். வேறோர் ஊரின் குளத்தில் இறங்கி மீன் பிடிக்கும். அதனை வயிற்றிற் சுமந்து மீண்டும் கூந்தன்குளத்துக்குத் திரும்பிக் குஞ்சுக்கு ஊட்டும். பறவைகள் மிகுந்த ஆண்டில் அத்தனை குஞ்சுகளுக்கும் வேண்டிய மீனை அவ்வூர்க் குளங்கள் மட்டும் கொடுத்தல் இயலாது. தொட்டில் ஒரு குளத்தில் இருக்கிறது. உணவுக்கலமோ சுற்றிலுமுள்ள பல குளங்களில் பரந்து கிடக்கிறது. அக்குளங்கள் எவையும் சரணாலயங்கள் அல்ல. அவை பொதுப்பணித் துறையின் குளங்கள்; ஊராட்சிக் குளங்கள்; மீன் பாசிக் குத்தகைக்கு விடப்பட்ட குளங்கள்; சில நகரத்துச் சாக்கடை சேரும் குளங்கள். அவற்றுள் எவை எந்த ஆண்டு பறவைகளுக்கு உணவளிக்கின்றன என்று தெரியாமல் எதனைக் காப்பது?

தெரிந்துகொள்வதற்கு ஒரே வழி, சென்று எண்ணிப் பார்ப்பது. அமெரிக்க நாட்டில் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு விளையாடும் வழக்கம் இருந்தது. அதற்கு மாறாக, சுடாமல் எண்ணுவோம் என்று பிராங்க் சாப்மன் என்பவர் 1900-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். அன்று 27 பேர் எண்ணினர். அவ்வழக்கம் இன்றளவும் நடக்கிறது. ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. நம் பள்ளத்தாக்கிலும் இத்தகைய முயற்சி நிகழ்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், ஏனைய இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து, தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பினை 2011 முதல் நடத்திவருகிறது. தைத் திங்களையொட்டி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் குழுக்குழுவாகச் செல்கின்றனர். அவர்களுட் பலர் உங்களைப் போன்ற மாணவர்களே. தமிழ்நாடு வனத்துறையும் அண்மை ஆண்டுகளில் மாநிலமெங்கும் ஒரே காலத்தில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது.

பறக்கும் பறவையை எண்ணுவது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியராக இருந்த காலத்தில் என் மாணவர்களும் என்னிடம் இதனையே கேட்டனர். முதலாவது, காலைப் பொழுதில் ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு கரையில் நிற்றல் வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே நோக்கினால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தோன்றும். சிறு கூட்டமாயின் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெருங்கூட்டமாயின், முதலில் ஐம்பது பறவைகளை எண்ணி, அவ்வைம்பதும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதைக் கண்ணால் அளந்துகொள்ள வேண்டும். பின் அவ்வளவு இடங்கள் கூட்டத்தில் எத்தனை உள்ளன என்று பார்த்துப் பெருக்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் பிழை குறையும். தோழன் சொன்ன எண்ணைக் கேட்டபின் தன் எண்ணைத் திருத்திக்கொள்ளுதல் கூடாது. எண்ணோடு, குளத்தில் நீர் எவ்வளவு, கரையில் என்ன பணி நடக்கிறது, ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா, வலையோ கண்ணியோ காணப்படுகின்றதா என்பவற்றையும் குறித்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. ஒரு குளத்துக்குச் சென்று ஒரு பறவையையும் காணாவிட்டால், பறவை இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மாணவர்கள் இதனை விரும்புவதில்லை. வெறுங்குளத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பார்கள். சென்ற ஆண்டு ஆயிரம் பறவை இருந்த குளத்தில் இவ்வாண்டு ஒன்றுமில்லை என்பதைக் காட்டிலும் பெரிய செய்தி வேறு யாது? பறவை மிகுந்த இடங்களை மட்டும் எழுதிச் சேர்த்த ஏடு, தேர்ச்சி பெற்ற மாணவரை மட்டும் கணக்கிட்டுப் பள்ளியைப் புகழ்வது போன்றது.

எண்ணுவதினும் அரிது, எண்ணைப் படிப்பது. அண்மைக்காலச் சான்றுகள் இரண்டைச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் இயல்பான மழையிற் பாதியும் பெய்யவில்லை. அத்தகைய ஆண்டில் குளங்கள் பல வற்றிவிடும். எஞ்சிய நீருள்ள சில குளங்களில் சுற்றுவட்டாரத்துப் பறவைகளெல்லாம் வந்து குவியும். அவ்வொரு குளத்தை மட்டும் பார்ப்பவன், பறவைகள் பெருகிவிட்டன என்று மகிழ்வான். 2023 டிசம்பரிலோ இதற்கு நேர்மாறு நிகழ்ந்தது. அம்மாதம் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் பல உடைந்தன. நாடெங்கும் நீர் தேங்கும் ஆண்டில் பறவைகள் வயலிலும் பள்ளத்திலும் சிதறிப் பரவும். வழக்கமான குளத்தில் தொகை குறையும். அவ்வொரு குளத்தை மட்டும் பார்ப்பவன், பறவைகள் அழிந்துவிட்டன என்று அஞ்சுவான். இருவரும் கண்டது மெய்; கொண்ட முடிபு பொய். பல குளங்களைப் பல ஆண்டுகள் சேர்த்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது. ஓராண்டின் கணக்கு ஒரு செய்தி. இருபது ஆண்டுகளின் கணக்கே அறிவு.

இவ்வாறு கிடைத்த அறிவைக்கொண்டு செய்யத்தக்கது யாது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குளம் பறவைக்கு மட்டும் உரியதன்று. பிசான நெல் முற்றும் காலத்தில் உழவனுக்கு நீர் வேண்டும். அதே காலத்தில்தான் கூட்டிலே குஞ்சு இருக்கிறது. குளம் முன்கூட்டியே வற்றினால், மரத்தின் கீழே நீர் இல்லாத கூட்டை நாயும் பிற பகையும் எளிதில் அணுகும், இரை தொலைவாகும், பெற்றோர் கூட்டைக் கைவிட்டுப் போவதும் உண்டு. மீன் குத்தகை எடுத்தவனுக்குக் கூழைக்கடா ஒரு கள்வன். வெடி போட்டு விரட்டும் குத்தகைக்காரரை யான் சில குளங்களிற் கண்டிருக்கிறேன். தம் பணத்தைப் போட்டு மீன்குஞ்சு விட்டவரை வெறுமனே பழிப்பதாற் பயனில்லை. பறவைகள் கூடு கட்டும் குளங்களுக்குக் குத்தகைத் தொகையைக் குறைத்தல், அல்லது குத்தகைக்கே விடாதிருத்தல் போன்றவை ஆராயத்தக்க வழிகள். வயலில் மயில் மிகுந்து விதையையும் கதிரையும் அழிப்பதால் உழவர் படும் துன்பமும் பொய்யன்று. உழவனின் இழப்பைக் கணக்கில் எடுக்காத பாதுகாப்பு நெடுநாள் நில்லாது.

தூர் வாரும் பணியையும் பாருங்கள். தூர் வாராத குளம் மேடாகி நீரை இழக்கும். ஆதலின் அது நற்பணியே. ஆனால் குளத்தினுள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களையெல்லாம் ஒரே நாளில் வேரோடு பிடுங்கி, தரையைச் சட்டிபோல் வழித்துவிட்டால், மறு ஆண்டு நாரை எங்கே கூடு கட்டும்? கொக்கும் உள்ளானும் இரை தேடுவது கணுக்கால் அளவு நீரில். ஒரே ஆழமாகத் தோண்டிய குளத்தில் அவற்றுக்கு நிற்க இடமில்லை. சீமைக் கருவேலத்தை அகற்றும்போது கூட, அதன்மேல் கூடு இருக்கிறதா என்று பார்த்து, குஞ்சு பறந்தபின் வெட்டி, முன்னதாகவே நாட்டு மரங்களை நட்டு வளர்த்து, சிறிது சிறிதாக மாற்றுதல் முறை. குளத்தின் நடுவே மண்மேடுகளை விட்டு மரங்களை நிறுத்தினால் நீருக்கும் குறைவில்லை, கூட்டுக்கும் குறைவில்லை. எந்தக் குளத்தில், எந்த மரத்தில், எந்தத் திங்களிற் கூடு உண்டு என்ற குறிப்பு பொறியாளரின் கையில் இருந்தால் இவற்றைச் செய்வது எளிது. அக்குறிப்பை எழுதுகிறவர் இல்லாவிட்டால், பொறியாளரைக் குறை கூறி என்ன பயன்?

நகரத்துக் குளங்களின் நிலை வேறு. திருநெல்வேலி நகரத்தின் ஓரத்தில் நயினார்குளம் இருக்கிறது. பேருந்தும் சரக்கு வண்டியும் ஓயாது செல்லும் சாலையருகே கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாமக்கோழியும் நீந்துவதை எவரும் காணலாம். அதே நகரில், புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்துக்கு வேய்ந்தான்குளம் என்று பெயர். பெயரில் உள்ள குளத்தைத் தேடிச் சென்றால் நிலையத்தை அடுத்து எஞ்சிய பகுதியைக் காண்பீர்கள். நகரம் வளர்வது தவிர்க்க முடியாதது. ஆயினும், ஒரு குளத்தைச் சுருக்கும்போது நெல்லை மட்டுமல்லாமல் எத்தனை உயிர்களின் உணவுக்கலத்தைச் சுருக்குகிறோம் என்பதைக் கணக்கிட்ட பின்னர்ச் செய்வதே அறிவுடைமை.

சட்டம் ஊர் வழக்கத்தோடு கை கோத்த இடம் ஒன்றும் நம் ஆற்றங்கரையில் உண்டு. தாமிரபரணியும் கடனாநதியும் கூடுமிடத்தில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. கோயிலைச் சூழ்ந்த மருதம், இலுப்பை முதலிய பெருமரங்களிற் பறவைகள் தங்கிக் கூடு கட்டுவதையும், ஊரார் அவற்றைக் காத்து வருவதையும் கண்டு, 2005-இல் மூன்று ஹெக்டேருக்கும் குறைவான அந்நிலம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம் இத்தகைய காப்பகங்களுக்கு இடமளித்தது. மக்களை வெளியேற்றாமல், அவர்களையும் சேர்த்துக்கொண்டு நிலத்தைப் பேணுவது இதன் கருத்து. இந்தியாவில் இவ்வகைக் காப்பகங்களுள் முதலாவது திருப்புடைமருதூரே. மூன்று ஹெக்டேர் என்பது பெரிய பண்ணையார் ஒருவரின் தோப்பளவுகூட இராது. ஆயினும் காக்கும் மனம் உள்ள இடத்தில் அச்சிறு நிலமும் போதுமானதாயிற்று.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் செய்திக்கு வருகிறேன். கூந்தன்குளத்து உழவர் பறவையைக் காத்ததற்குப் பயன் ஒரு காரணம் என்றேன். அப்பயன் இன்று முன்போல் இருக்கிறதா? யூரியா மூட்டை கடையிற் கிடைக்கிறது. குளத்து உரநீரை எதிர்பார்ப்பவர் குறைந்து வருகின்றனர். வண்டி கட்டிக் கரம்பை அள்ளியவர்களின் பேரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கின்றனர். மடையைத் திறக்கவும் அடைக்கவும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த நீர்ப்பாய்ச்சிகள் பல ஊர்களில் இல்லை. வயலே இல்லாதவனுக்குக் குளம் எதற்கு? குளமே வேண்டாதவனுக்குப் பறவை எதற்கு? எழுதாத உடன்படிக்கையின் ஒரு பக்கத்தார் மெல்ல மெல்ல விலகிச் செல்கின்றனர். மறு பக்கத்தாராகிய பறவைகளுக்கு இது தெரியாது. அவை வழக்கம் போல் தையில் வந்து இறங்குகின்றன.

பயன் தளருமிடத்தில் அறிவு வந்து தாங்கவேண்டும் என்பதே என் துணிபு. பாட்டன், உரம் கிடைக்கும் என்று காத்தான். பேரன், இது இமயத்தைக் கடந்து வந்த பறவை என்றும், இதன் குஞ்சு அடுத்த ஊர்க் குளத்து மீனால் வளர்கிறது என்றும், குளம் நிலைத்தால் நிலத்தடி நீரும் ஊரின் கிணறும் நிலைக்கும் என்றும் அறிந்து காக்கவேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டைச் சட்டம் ஓரளவு தாங்கலாம். ஆனால் தீபாவளி இரவில் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அவ்விரவில் வெடியைக் கையிலெடுக்காத சிறுவனின் மனமே காவல்.

ஆதலால், மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ பள்ளிக்கு அண்மையிலோ ஒரு குளம் கட்டாயம் இருக்கும். அதன் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எந்தக் காலிலிருந்து அதற்கு நீர் வருகிறது, மறுகால் எங்கே செல்கிறது என்று பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். திங்களுக்கு ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் அதன் கரையில் அரைமணி நில்லுங்கள். கண்ட பறவையின் பெயர், எண்ணிக்கை, நீரின் அளவு ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகின் வடிவம், காலின் நிறம், உடலின் பருமன் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயரைப் பின்னர்க் கண்டுபிடிக்கலாம். கூட்டின் அருகே செல்லாதீர்கள். குஞ்சைத் தொட்டுப் பாராதீர்கள். தைத் திங்களில் கணக்கெடுப்புக்குச் செல்லும் குழுவினரோடு சேர்ந்து கொள்ளுங்கள். பள்ளியை விட்டு நீங்கள் செல்லும்போது அவ்வேட்டை அடுத்த வகுப்பு மாணவனிடம் ஒப்படையுங்கள்.

பத்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட அத்தகைய ஏடு ஒன்று, ஊர்க் கூட்டத்தில் குளத்தைப் பற்றிய பேச்சு எழும்போது, எந்தச் சொற்பொழிவைக் காட்டிலும் வலிமையாகப் பேசும். எட்டு அணைக்கட்டுகளையும் நூற்றுக்கணக்கான குளங்களையும் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்றனர். அவற்றை நம்பி வந்தவை நாமும் பறவைகளும் ஆகிய இரு திறத்தார். நம்முள் எழுதப் படிக்கத் தெரிந்த திறத்தார் நாமே. கணக்கு எழுதும் கடமையும் நம்முடையதே.